உதவிப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தையல் ஆலையில் மாதம் 9,500 ரேண்ட் சம்பளம். கணவர் 2019ல் பிரிந்து போய்விட்டார். துறைமுகத்தில் ஃபிட்டர் வேலை, மாதம் 28,000 வாங்குகிறார். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதியவில்லை. மகன் 2022லிருந்து, வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களுக்கு அரசு தரும் நெஸ்ஃபாஸ் உதவியில் இன்ஜினியரிங் படிக்கிறான், இது கடைசி வருஷம். விண்ணப்பத்தை இன்டர்நெட் கடைக்காரர்தான் நிரப்பினார், அப்பாவின் விவரத்தைப் போட வேண்டாம் என்று சொன்னதும் அவரே. இப்போது அப்பாவின் சம்பளத்தைச் சேர்த்தால் வரம்பு தாண்டுகிறது என்று உதவியை நிறுத்திவிட்டார்கள். இதுவரை கொடுத்த 214,000 ரேண்டுக்கு நான் கடன் ஒப்புகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். சரிபார்க்காமல் கொடுத்தது அவர்கள் தப்பு. கார் வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் பணம் வருகிறது. திட்டத்தையே மாற்றப் போகிறார்கள் என்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: அம்மா, இதில் சட்டம் பார்க்கப் போவது ஒன்றே ஒன்று. விண்ணப்பித்த சமயத்தில் மகனின் அப்பா உங்கள் குடும்ப வருமானத்தில் சேர்ந்தவரா இல்லையா, அதை எந்தக் காகிதத்தைக் கொண்டு காட்டுவீர்கள்? உங்கள் வருமானம் மட்டும் என்றால் வருஷத்துக்கு 114,000 ரேண்ட், வரம்பான 350,000க்கு வெகு கீழே. அவர் சம்பளத்தையும் கூட்டினால் 450,000. நடுவில் வேறு கணக்கே இல்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது உங்களுக்கு உரிமை ஆகாது. அதை எழுதவே வேண்டாம். கடைக்காரர் சொன்னார் என்பதும் கேடயமாகாது. விண்ணப்பம் மகன் பெயரில் போனது, உறுதிமொழி அவனுடையது. ஆனால் கடைக்காரர் தன் செல் நம்பரையோ ஈமெயிலையோ கணக்கில் கொடுத்திருந்தால் அதை இன்றே மாற்றுங்கள். ஓடிபி அவருக்குப் போகும்வரை மறுப்புக் கடிதமும் மேல்முறையீட்டுக் கெடுவும் உங்கள் கண்ணில் படாமலே கழிந்துவிடும்.

‘சரிபார்க்காமல் கொடுத்தது அவர்கள் தப்பு’ என்பதை மட்டுமே நம்பி நிற்காதீர்கள். 2017ல் வால்டர் சிசுலு பல்கலைக்கழக மாணவி ஒருவரின் கணக்கில் 1,400 ரேண்டுக்குப் பதிலாக 1.4 கோடி ரேண்ட் விழுந்தது. தவறு முழுக்கக் கொடுத்தவர் பக்கம். ஆனாலும் செலவழித்தது திருட்டு என்று 2022ல் ஈஸ்ட் லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிறைத் தண்டனை பிறகு மேல்முறையீட்டில் மாற்றப்பட்டது, அது வேறு. உங்கள் விஷயம் அந்த ரகமில்லை, கேட்டு வாங்கிய உதவி. ஆனால் கொடுத்தவர் அசட்டையாக இருந்தார் என்பதால் வாங்கியவர் பொறுப்பு தீர்ந்துவிடாது.

காகிதத்துக்கு வருவோம். பிரிந்து வாழ்வதற்கு நெஸ்ஃபாஸ் முதலில் கேட்பது விவாகரத்து உத்தரவு. பதியாத கோயில் கல்யாணத்தை முறிக்க விவாகரத்து நீதிமன்றம் இல்லை, ஆகவே உங்களிடம் அது இருக்கவே முடியாது. நம் சமூகத்தில் எத்தனையோ பெண்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டர்பன் உயர் நீதிமன்றம் 2009ல் இப்படிப்பட்ட இந்துக் கல்யாணத்தில் விதவையான பெண்ணுக்கு வாரிசுரிமை கொடுத்தது. அது சொத்து விஷயத்துக்கு. பிரிவை நிரூபிக்க அது உதவாது. எனவே 2019லிருந்து அவர் வேறு வீட்டில் இருக்கிறார் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், மாநகராட்சி பில், அவருடைய ஐஆர்பி5 வரிச் சான்றில் உள்ள முகவரி, அவரிடமிருந்து பணம் வராததைக் காட்டும் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், இவற்றைத் தேடி எடுங்கள். அவர் பணமே தருவதில்லை, தொடர்பும் இல்லை என்றால் சமூகப் பணியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. ஐஆர்பி5ல் அவர் இன்னும் சாட்ஸ்வொர்த் வீட்டு முகவரியையே வைத்திருப்பார். அல்லது மகன் இன்றும் அவருடைய மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டில் இருப்பான். ‘அப்பா எங்களைப் பார்ப்பதே இல்லை’ என்று சத்தியப் பத்திரம் கொடுத்த பிறகு அந்த அட்டை வெளியே வந்தால் வருமானக் கேள்வி போய் பொய்ச் சத்தியக் கேள்வி வந்துவிடும். மெடிக்கல் எய்ட் இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். பழைய தேதி போட்ட சத்தியப் பத்திரம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். போலீஸ் நிலைய முத்திரையில் தேதி இருக்கும், கீழே கையெழுத்திட்ட அதிகாரியின் எண்ணும் இருக்கும். அந்த நாளில் அவர் பணியில் இருந்தாரா என்று பார்க்க ஒரு போன் போதும். பொய்ச் சத்தியம் 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம். இருக்கும் சிக்கலில் நீங்களே இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

மேல்முறையீட்டுக்கு 30 நாள், காரணம் கேட்க 90, நீதிமன்ற மறுஆய்வுக்கு 180 என்ற கெடுக்களைத் தவற விடாதீர்கள். உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

தகுதியில்லாமல் போன உதவிப் பணத்தைச் சிறப்புப் புலனாய்வுப் பிரிவான எஸ்ஐயூ 2022லிருந்து தோண்டுகிறது. பெற்றோரிடம் கடன் ஒப்புகை எழுதி வாங்குவது அதன் வழக்கமான வழி. தாய்மார்கள் பயத்தில் அன்றே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து என்ன செய்கிறது தெரியுமா? இன்று இந்தக் கடன் உங்களுடையது அல்ல. மகனுக்கு 18 முடிந்துவிட்டது. விண்ணப்பித்தவன் அவன், பணம் போனது அவனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும். உங்களிடம் கேட்க வேண்டுமானால் நீங்கள் தெரிந்தே பொய் சொன்னீர்கள் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட மறு நிமிடம் அந்தச் சுமை அவர்கள் தலையிலிருந்து இறங்கி உங்கள் தலையில் ஏறும். அதன் பிறகு வருமானக் கணக்கு சரியா தப்பா என்று யாரும் கேட்கப் போவதில்லை, பத்திரமே கடன்.

இப்படிப்பட்ட பத்திரங்களில் வழக்கமாக நுழைக்கும் வரிகளைப் பாருங்கள். ஒரு தவணை தவறினால் மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்று ஒன்று. மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டம் 58ஆம் பிரிவின்படி தீர்ப்புக்குச் சம்மதம் என்று இன்னொன்று. 58ஐப் பார்த்தால் அடித்துவிடுங்கள். அது இருந்தால் சம்மன் இல்லாமலே உங்கள் மேல் தீர்ப்பு வாங்கலாம். தீர்ப்புக்கடன் 30 வருஷம் உயிரோடிருக்கும். பிறகு சம்பளப் பிடித்தம். 2016ல் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்டபின் மாஜிஸ்திரேட் தானே பரிசீலித்த பிறகே பிடித்தம் உத்தரவாகும், அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகாது. 9,500ல் கால் பங்கு 2,375 ரேண்ட். உங்கள் வீட்டுக்கு அது சிறிய தொகையா?

காலவரம்பும் இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு 3 வருஷம். அது ஓடத் தொடங்குவது அவர்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, அல்லது கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. வருமானத்தை வரித் துறையான சார்ஸிடம் சரிபார்க்க விண்ணப்பத்திலேயே சம்மதம் வாங்கியவர்கள் 2022லேயே கண்டுபிடித்திருக்கலாம் என்று வாதாட இடமுண்டு. அவர்கள் அசட்டை உங்களுக்குப் பயன்படும் ஒரே இடம் இதுதான். ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் முதல் வருஷத் தொகையைக் குறைக்கப் பேரம் பேச இது நல்ல பிடி. ஒப்புகை எழுதினால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். ‘கொஞ்சம் டைம் கொடுங்க சார், கட்டிடறேன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாலும் அதே கதிதான். வக்கீலைப் பார்க்கும்வரை எதையும் எழுதாதீர்கள். எஸ்ஐயூ விசாரணைக்கு அழைத்தால் போக வேண்டும், தனியாகப் போகக் கூடாது. அரசின் இலவசச் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டையோ குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகச் சட்ட மையத்தையோ அணுகுங்கள். உங்கள் சம்பளத்துக்குத் தகுதி உண்டா என்று அங்கேயே கேளுங்கள்.

நேராகச் சொல்கிறேன்: பிரிவைக் காட்டும் காகிதம் வலுவாக இருந்தால் மேல்முறையீட்டில் நில்லுங்கள், ஒரு சென்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காகிதம் பலவீனமாக இருந்தாலோ, அவர் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோய், பள்ளிக் கட்டணம் கட்டியவராக இருந்தாலோ, சமரசம் செய்துகொள்ளுங்கள். நீதிமன்றம் போய் வட்டியும் செலவும் சேர்த்துக் கட்டுவதை விட அது மேல். சமரசப் பேச்சுக் கடிதங்களின் தலைப்பில் ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று போட்டே பேசுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய நிபந்தனைகள் இவை: கடனாளி மகன், நீங்கள் அல்ல. தவணை அவனுக்கு வேலை கிடைத்த பிறகு. படிக்கும் காலத்துக்கு வட்டி இல்லை. 58ஆம் பிரிவு இல்லை. ‘பொய்த் தகவல் தந்தேன்’ என்ற வரி இருக்கவே கூடாது. கட்டிவிட்டால் கிரிமினல் வழக்கு வராது என்று யாராவது வாயால் சொன்னால் நம்பாதீர்கள். வழக்குத் தொடுப்பது எஸ்ஐயூ இல்லை, அரசு வழக்குத் துறை. வழக்கை விடுவதற்குப் பணம் என்று பேரம் பேசுவதே குற்றமாகிவிடும்.

திட்டம் மாறும் என்று காத்திருக்காதீர்கள். 2017 டிசம்பரில் இலவசக் கல்வி அறிவித்தபோது 2018லிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. அதற்கு முன் கடன் வாங்கியவர்களின் கடன் அப்படியே நின்றது. 2024 ஜனவரியில் 350,001லிருந்து 600,000 ரேண்ட் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 3.8 பில்லியன் ரேண்டில் கடன் திட்டம் வந்தது. அப்பா வருமானத்தைச் சேர்த்தால் உங்கள் மகன் அந்த வரம்பில் வருவான், கடைசி வருஷத்துக்கு முயன்று பார்க்கட்டும். ஆனால் அதுவும் கடன்தான், பழைய 214,000ஐத் தொடாது. 2018லிருந்து 350,000ஐ ஒரு ரேண்ட் கூட நகர்த்தாமல், அதற்கு மேல் ஒரு ரேண்ட் வந்தாலும் முழு உதவியையும் பறிக்கும் விதி அநியாயமானது. அதை மாற்றியே ஆக வேண்டும், அதற்காகக் குரல் கொடுங்கள். உங்கள் மேல்முறையீட்டில் அதை எழுதாதீர்கள், படிக்கிறவருக்கு அதை மாற்றும் அதிகாரம் இல்லை.

கடைசி வருஷக் கட்டணத்துக்கு நீங்கள் விட்டுவிட்ட வழி ஒன்று இருக்கிறது. தாலி பதியாவிட்டாலும் பிள்ளை அவருடையது. சொந்தக் காலில் நிற்கும்வரை, 18 தாண்டியும், வசதிக்கேற்ப அவர் கொடுக்கக் கடமைப்பட்டவர். சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பராமரிப்புப் பிரிவில் மகனே தன் பெயரில் மனுக் கொடுக்கட்டும், கட்டணம் கிடையாது. கல்விக் கட்டண பில், பஸ் செலவு, புத்தகச் செலவு, அப்பா வேலை செய்யும் இடத்தின் பெயர், இவ்வளவும் கையில் இருக்கட்டும். இன்று போடும் மனு 2022ல் பிரிந்திருந்ததற்குச் சான்று ஆகாது. ஆனால் மாதம் 28,000 வாங்குபவர் நீதிபதி முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.