தங்கம்: ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மதிப்பு – கேள்வி பதில்

தங்கத்தின் வரலாறு பற்றி வந்த கேள்விகளில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவி: தங்க நகை முதலில் எகிப்தில்தானே வந்தது?

இல்லை அம்மா. பல்கேரியாவில் கருங்கடல் ஓரத்தில் வர்னா என்ற ஊர். 1972இல் அங்கே கேபிளுக்குப் பள்ளம் தோண்டியபோது ஒரு பழைய இடுகாடு வெளிப்பட்டது. காலம் கி.மு. 4500 வாக்கில். எகிப்தின் கீஸா பிரமிடுகளைவிட ஏறக்குறைய 2000 ஆண்டு மூத்தது. முந்நூறு குழிகள் வரை இருந்த அந்த இடத்தில் 43ஆம் குழியில் புதைத்த ஓர் ஆளோடு மட்டும் ஒன்றரை கிலோ தங்கம். பல குழிகளில் பொட்டுத் தங்கம் கிடையாது. சில குழிகளில் உடலே இல்லை. களிமண்ணால் ஒரு முகம் செய்து, அதற்குத் தங்கத்தில் காதணி போட்டுப் புதைத்திருக்கிறார்கள். யாருக்காக என்று நினைத்தால் மனசு கனத்துப் போகிறது.

புதுக்கோட்டை வாசகர்: எங்கள் பக்கம் கிடைத்த ரோமானியக் காசுகளில் வெட்டு இருக்கிறதாமே, ஏன்?

ஆமாம். 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு. உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. தேய்ந்த காசு மறுபடி நாணயமாகப் புழங்கக் கூடாது என்று வெட்டினார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. சோதிக்க ஓரத்தில் ஒரு கீறல் போதுமே. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், கப்பல் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு. கறி என்றால் மிளகு. மிளகுக்கு ஈடாக நம்மவர் வாங்கியது எடை. அதில் இருந்த தலை யாருடையது என்பது இங்கே யாருக்கும் பொருட்டில்லை.

ஆசிரியர் ஒருவர்: தங்கத்துக்காகப் போர் நடந்தது தெரியும். பணத்தாசை இல்லாமல் நடந்தது உண்டா?

உண்டு ஐயா. இன்றைய கானாவில் வாழும் அசாந்தி மக்களிடம் ஒரு தங்க முக்காலி இருக்கிறது. மன்னர் ஓசேய் டுட்டு காலத்தில் வானத்திலிருந்து இறங்கியது, குலத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் மன்னர்கூட அதில் உட்கார மாட்டார். 1900இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அசாந்தி தலைநகர் குமாசிக்கு வந்து, ‘அதை ஏன் கொண்டுவரவில்லை, நான் உட்கார வேண்டும்’ என்ற தோரணையில் பேசினார். மன்னர் பிரெம்பேவை 1896லேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் ஆண்கள் தயங்கி நின்றபோது போருக்குத் தலைமை ஏற்றவர் எஜிசு என்ற ஊரின் அரசியன்னை யா அசாந்தேவா. போரில் அசாந்திகள் தோற்றார்கள்; அவரை சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள்; 1921இல் அங்கேயே இறந்தார். ஆனால் முக்காலியை ஒளித்து வைத்துவிட்டார்கள். கடைசிவரை அது ஆளுநர் கையில் சிக்கவில்லை.

நகைப் பட்டறைக்காரர்: தங்கத்தில் செம்பு கலந்தால் மாற்று (தரம்) குறையும் என்பதுதானே எங்கும் வழக்கம்?

எங்கும் இல்லை அண்ணே. கொலம்பியாவின் முயிஸ்கா மக்கள் வேண்டுமென்றே செம்பைச் சேர்த்து வார்த்தார்கள். அவர்கள் மண்ணில் தங்கம் அதிகம் கிடையாது. உப்பும் பருத்திப் போர்வையும் கொடுத்து வெளியிலிருந்து வாங்கினார்கள். வாங்கியதில் மெழுகு அச்சு வைத்துச் சின்னச் சின்ன உருவங்கள் வார்த்து, தெய்வத்துக்குக் காணிக்கையாக ஏரியிலும் குகையிலும் போட்டுவிட்டார்கள். பிசிறைக்கூடப் பல உருவங்களில் தேய்த்து எடுக்கவில்லை. யாரும் போட்டு அழகு பார்க்கப் போவதில்லையே.