கேள்வி - பதில்: பி.டி. பீரியட் யாருக்கு உரியது?

கேள்வி: என் மகன் கடலூர் முதுநகரில் உள்ள ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் குறுவட்டப் போட்டியில் வென்ற ஐந்து மாணவர்களின் படத்தைப் பள்ளி வாயிலில் பேனராக வைத்திருக்கிறார்கள். விளையாட்டு படிப்பின் பகுதியா, பள்ளியின் விளம்பரமா?
- ஒரு தாய், கடலூர்

பதில்: பேனர் வைத்ததில் பிழை இல்லை அம்மா, வென்ற பிள்ளைகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், வேகமாக ஓடக்கூடிய ஐந்து பேருக்குத் திடலைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை வகுப்பறையிலேயே உட்கார வைக்கும் பள்ளி, போட்டிக்கு ஆள் தயார் செய்கிறதே தவிர, உடற்கல்வி நடத்துகிறது என்று சொல்ல முடியாது. நூறு மீட்டரை இருபது நொடியில் ஓடும் பிள்ளைக்குத்தான் அந்தப் பீரியட் அதிகம் தேவை. பள்ளியை விட்டால் அவனைத் திடலுக்கு அழைத்துச் செல்ல வேறு யாரும் இல்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விளையாட்டுத் திடலைப் பள்ளிக்கு இருந்தாக வேண்டிய வசதிகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. அது எட்டாம் வகுப்பு வரைதான் செல்லும் என்பதால் உங்கள் மகனுக்கு நேரடியாக உதவாது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, பாடம் என்றும் பாடத்துக்குப் புறம்பானது என்றும் கறாராகப் பிரிக்க வேண்டாம் என்கிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்கள் உடலை நன்றாக இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரம் இரண்டு பீரியடே இதற்குப் போதாது என்னும்போது, அதையும் பறிப்பதற்கு நியாயம் ஏது?

மதிப்பெண் குறைந்துவிடும் என்பதுதான் பள்ளியின் அச்சம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், த்ருவா ரிவியேர் நகரையொட்டி, 1970-களில் பல ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குப் பாட நேரத்தைக் குறைத்து, வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கூடுதலாக உடற்கல்வி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் குறையவில்லை. முதலாண்டுக்குப் பிறகு மற்ற மாணவர்களைவிடச் சற்று மேலாகவே இருந்தது. ஓடினால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பிடுங்கிய பீரியடால் கணக்கு கூடுவதும் இல்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

கணக்கு ஆசிரியரிடமே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். எறிந்த பொருள் அதிகத் தொலைவு செல்ல 45 பாகை என்பது பாடப்புத்தக விடை. நீளம் தாண்டும் வீரரோ ஏறத்தாழ 20 பாகையில்தான் எழும்புகிறார். ஏனென்றால், கிடையாக ஓடி வந்த வேகத்தை இழக்காமல் அதற்கு மேல் எழும்ப மனித உடலால் முடிவதில்லை. இதை மணற்குழியின் ஓரத்தில் நின்று பார்த்த மாணவனுக்கு அந்தப் பாடத்தைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது. தொடர் ஓட்டமும் அப்படித்தான். நான்கு பேர் நூறு நூறு மீட்டர் ஓடும் போட்டியில், 30 மீட்டர் எல்லைக்குள் கோல் கைமாறியாக வேண்டும். வாங்குபவன் திரும்பிப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டியபடியே ஓட வேண்டும். வேகமானவன் மெதுவானவனுக்காகத் தன் ஓட்டத்தைக் கணக்கிட்டுத் தொடங்கும் அந்தப் பழக்கத்தை வேறு எந்தப் பாடவேளையில் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தனியாகப் பேசாமல், நான்கைந்து பெற்றோராகச் சேர்ந்து கேளுங்கள். கடலோர ஊரின் புழுக்கத்தில் நண்பகல் பி.டி. பீரியட் யாருக்கும் பயன்படாது. காலை முதல் பாடவேளையாக மாற்றித் தரும்படி கோருங்கள். தேர்வு நெருங்குகிறது என்று மறுத்தால், அரையாண்டுத் தேர்வு வரையிலாவது நடத்தச் சொல்லுங்கள். அவ்வளவு கேட்பதில் மிகை ஒன்றும் இல்லை.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நன்றாக ஓடுகிறாள். வெளியே பயிற்சி தருபவர், 1500 மீட்டர் மட்டும் போதும், நாள்தோறும் அதையே ஓட வேண்டும் என்கிறார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியையோ தாண்டுதல், எறிதல், கோ-கோ எல்லாவற்றிலும் சேர்க்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு தந்தை, அரியாங்குப்பம்

பதில்: ஆசிரியை சொல்வதை. இந்த வயதில் எலும்பின் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்கமாட்டா. ஒரே அசைவை ஓய்வின்றித் திரும்பத் திரும்பச் செய்யும்போது முழங்காலிலும் குதிகாலிலும் வலி தொடங்கும். பல விளையாட்டுகளில் ஈடுபடும் பிள்ளைக்குச் சுமை உடலின் ஓரிடத்திலேயே குவிவதில்லை. பருவ வளர்ச்சியில் உடல் அளவுகள் மாறும்போது பெண் பிள்ளைகளின் ஓட்ட நேரம் சில காலம் தேங்கி நிற்பதும் உண்டு. 1500 மீட்டரை மட்டுமே நம்பியிருக்கும் பெண், அந்தக் கட்டத்தில் ஓட்டத்தையே விட்டுவிடக்கூடும்.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நீங்கள் புதுச்சேரியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை 1943-இல் தொடங்கிய பள்ளியில், உடற்கல்வி தொடக்கக் காலத்திலிருந்தே கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்து வருகிறது; தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், குழு விளையாட்டு எனப் பலவற்றிலும் பிள்ளைகள் பழகுகிறார்கள். டிசம்பர் 2-ஆம் நாள் நடக்கும் அவர்களுடைய ஆண்டு உடற்பயிற்சிக் காட்சியில், யார் முதலிடம் என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாப் பள்ளிகளும் அப்படியே நடக்க முடியாது என்பது உண்மைதான். அவ்வளவு திடலும் அத்தனை பயிற்சியாளர்களும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் உங்கள் ஆசிரியை தன்னால் இயன்ற அளவில் அதைத்தான் செய்கிறார். மகளுக்கு ஓட்டத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால், பத்தாம் வகுப்பை ஒட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்பதற்காகப் பிள்ளையைத் தடகளத்தில் சேர்ப்பது சரியா?
- ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: சேர்க்கலாம், ஆனால் இடத்தை நம்பிச் சேர்க்காதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் அந்த ஒதுக்கீடு உள்ளது என்றாலும், அதற்கான தரவரிசையில் மாநில, தேசிய அளவிலான சான்றிதழ்களோடுதான் போட்டியிட வேண்டும். குறுவட்ட அளவில் பெற்ற சான்றிதழ் அங்கே எடுபடாது. பிளஸ் டூவில் சேர்த்தால் காலம் கடந்துவிடும். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை என்றால், வீட்டுக்கு எட்டும் தொலைவில் கடலூர் அண்ணா விளையாட்டு அரங்கம் இருக்கிறது. முதலில் ஒரு மாதம் அழைத்துச் சென்று, அவனுக்கே பிடிக்கிறதா என்று பாருங்கள்.