கொரோனா பெருந்தொற்று முடிந்துவிட்டது என்று நீங்கள் எப்போது முடிவு செய்தீர்கள்?

கேட்டவர் வீட்டிலும் யாரோ ஒருவர் இன்னும் முகக்கவசத்தைக் கழற்றாமல் இருக்கிறார் போலிருக்கிறது. இல்லாவிட்டால் இப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது.

தேதிதான் வேண்டுமென்றால் 2023 மே 5. 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் அன்றைக்குத்தான் விலக்கிக்கொண்டது. நோய் ஒழிந்துவிட்டதாக அர்த்தமில்லை என்று அதன் தலைவர் டெட்ரோஸ் கூடவே சொன்னார். அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் அந்தப் பாதி மட்டும் காணோம். எல்லாரும் நேரில் வரவேண்டுமாம். போனேன். உட்கார நாற்காலி இல்லை. படிக்கட்டில் நின்றபடி, பக்கத்து அறையில் இருந்தவரோடு வீடியோவில் பேசினேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஆறவில்லை.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2021-இல் அப்பாவுக்குக் கொரோனா வந்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கினோம். 96, 94, 91 என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். 88-க்கு அப்புறம் அந்த நோட்டில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா திரும்பவில்லை.

அதிலிருந்து அம்மா தினமும் படுக்கப் போகுமுன் அதை விரலில் மாட்டிப் பார்ப்பார். ஒரு நாளும் 97-க்குக் கீழே போனதில்லை. சொன்னால், "இருக்கட்டும்" என்பார். நான் தடுக்கவில்லை. பயத்தை வளர்த்துவிடுகிறாய் என்று கீழே யாராவது எழுதுவீர்கள், எழுதுங்கள். கிருமி போனால்தான் முடிவு என்பவர்களுக்கும் ஒன்று: 1918-இல் வந்த ஃப்ளூ கிருமியின் வாரிசுகள் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

போன வருடம் ஒரு நாள் ராத்திரி டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. அம்மாவே எழுந்துபோய் ஆக்சிமீட்டரை எடுத்தார். பின்மூடியை நகத்தால் நெம்பி, இரண்டு பேட்டரியையும் கழற்றி ரிமோட்டில் போட்டார். அன்றைக்கு அளந்து பார்க்காமலே படுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்குத்தான் முடிந்தது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

காலையில் டிவி போடலாம் என்று ரிமோட்டை எடுத்தால் உள்ளே காலி.

"அதுக்குப் புதுசா ரெண்டு வாங்கிட்டு வா" என்றார் அம்மா.