அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்: முடிவை எங்களிடம் விடுவது ஏன்?

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்களுடன் வசிக்கும் அம்மாவுக்கு வயது 72. மார்பில் சிறிய கட்டி. புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ‘கட்டியை மட்டும் அகற்றலாம், மார்பகத்தையே எடுத்துவிடவும் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள்’ என்கிறார் அறுவை சிகிச்சை நிபுணர். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்கிறேன். வேற்று நாட்டவர் என்பதால் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறாரோ?

பதில்: உங்கள் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். கறுப்பினத்தவர், ஆங்கிலம் பேசாத குடியேறிகள் போன்றோருக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் விளக்கம் குறைவாகவே கிடைக்கிறது என்று ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. ஆனால் இரண்டு வழிகளையும் உங்கள் முன் வைத்த இந்த மருத்துவர் செய்தது சரி. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களும் மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு வாழ்ந்தார்கள் என்பது 20 ஆண்டு கண்காணிப்புக்குப் பின் 2002இல் வெளியான ஆய்வு முடிவு. ஆயுள் சமம் என்றால், எது தோதுப்படும் என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும்.

கட்டியை மட்டும் எடுத்தால், பொதுவாக மூன்று நான்கு வாரங்கள், வார நாள்களில் தினமும் கதிர்வீச்சுக்குப் போய்வர வேண்டும். வெட்டியெடுத்த பகுதியின் விளிம்பில் புற்றணுக்கள் தெரிந்தால் மறுபடி அறுவை. முழுதாக எடுத்தால் பெரும்பாலும் கதிர்வீச்சு தேவைப்படாது. காயம் பெரிது, சில நாள் வடிகுழாயோடு இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: கட்டி ஹார்மோனால் வளரும் வகையா? 70 வயதைக் கடந்தவர்களுக்கு அப்படிப்பட்ட சிறிய கட்டி, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருந்தால், அதை மட்டும் அகற்றி, கதிர்வீச்சைத் தவிர்த்து, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு 10 ஆண்டுகளில் சுமார் 2 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கூடும்; ஆயுள் குறைவதில்லை. கட்டாயம் கேளுங்கள்.

மொழிபெயர்க்கும் வேலையை விட்டுவிடுங்கள். அம்மா பயந்துவிடுவார் என்று பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவது வழக்கம். ‘புற்றுநோய்’ என்ற சொல்லாவது அவர் காதில் விழுந்ததா? மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், பிரிவு 1557இல், இது இருக்கிறது. தொலைபேசியிலோ வீடியோவிலோகூட ஏற்பாடு செய்வார்கள். நேரம் குறிக்கும்போதே ‘தமிழ்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். இந்தியர் என்றதும் இந்தி பேசுபவரை அனுப்பிவிடலாம்.

‘டாக்டர் சொன்னால் சரி’ என்று அம்மா தலையாட்டினால், அங்கே அது சம்மதமாகவே பதிவாகும். என்ன புரிந்தது என்று அவரையே மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆரம்ப நிலையில் முடிவெடுக்க ஓரிரு வாரம் எடுத்துக்கொண்டால் பொதுவாகக் கெடுதலில்லை. எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று நிபுணரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.