இமை அழற்சிக்கு ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிடலாமா?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 61 வயது. கானாடுகாத்தானில் பலகாரம் செய்து விற்கிறார். பல வருடமாக இமை ஓரம் சிவந்து அரிக்கிறது. காலையில் பீளை கட்டிக் கண் ஒட்டிக்கொள்கிறது. கண் டாக்டர் டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று, ஆறு வாரத்துக்கு எழுதியிருக்கிறார். ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள்தானே சாப்பிடுவார்கள்? நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த நோய்க்கு இந்த அளவும் காலமும் வழக்கமானவைதான்.

இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கிறது. நாள்பட்ட அழற்சியில் அது மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி கெட்டியாகி, சுரப்பியின் வாயை அடைத்துவிடும். இமையில் குடியிருக்கும் பாக்டீரியாவின் லைபேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பைச் சிதைத்து, கண்ணை உறுத்தும் அமிலமாக்கும். டாக்சிசைக்ளின் இந்த நொதியைக் கட்டுப்படுத்தும், அழற்சியையும் தணிக்கும். கிருமியைக் கொல்வதற்கென்று மட்டும் கொடுப்பதில்லை. அதனால்தான் ஐந்து நாள் கணக்கு இங்கே பொருந்தாது.

ஆனால் மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நாள்பட்ட இமை அழற்சிக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் எவ்வளவு உதவும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. என் அனுபவத்தில், ஒத்தடத்தை விடாமல் செய்கிறவர்களுக்குத்தான் மாத்திரையும் நன்றாகக் கேட்கிறது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவிவிட்டு, முடியின் அடியில் இருக்கும் செதிலைத் துடைத்து எடுக்க வேண்டும். தினம் இரண்டு வேளை. கண் தெளிந்த பிறகும் ஒரு வேளையாவது தொடர வேண்டும். இது திரும்பத் திரும்ப வரும் நோய். அடுப்புப் புகையும் அனலும் உறுத்தலைக் கூட்டும், முடிந்தவரை காற்றோட்டமாக உட்காரச் சொல்லுங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். அந்த வயதில் பலரும் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுவார்கள். அவற்றையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் இந்த மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் டாக்சிசைக்ளின் உடம்பில் சரியாகச் சேராது. வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும். வற்றல் காயவைக்கும் வேலையை இந்த ஆறு வாரமும் வேறு யாராவது பார்க்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

ஆத்தாவுக்குக் கொடுத்ததை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இந்த நோய்க்கு இதைத் தருவதில்லை.

கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் இமை தடித்து, முடி உதிர்ந்து, சிகிச்சைக்கு மசியவில்லை என்றால் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அப்போது இன்னொரு சீட்டு மாத்திரை வாங்காமல், சதைப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.