சிலி என்றால் மிளகாய் இல்லை

கேள்வி: தென் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டையும் ஜாஸையும் கலந்து பாடும் கிளாவுடியா அக்குன்யா ஏன் பெரிய ஆளாக வரவில்லை? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றதுதான் காரணமா?

கேட்டவர் வீட்டிலும் யாரோ பாடுகிறார்கள், "ஏதாவது ஒன்றை உருப்படியாகச் செய்" என்று பேச்சும் நடக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். இதே பழமொழியை என் மிருதங்க வாத்தியார் எனக்குச் சொன்னார். நான் செய்த குற்றம், ஒரு மெல்லிசைக் குழுவில் தபலா வாசித்தது. அதோடு இரண்டையும் விட்டேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கொஞ்சம் சூடாகிவிட்டது.

முதலில் "வரவில்லை" என்பதே சரியில்லை. அக்குன்யா 1971இல் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் பிறந்து கன்செப்சியோனில் வளர்ந்தவர். 1995இல் நியூயார்க் போனார். 2000இலும் 2002இலும் அவருடைய முதல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது வெர்வ். ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பாட்டுகளை வெளியிட்ட அதே இசைக் கம்பெனி. ஊரைவிட்டுப் போய் ஐந்தே வருடத்தில் அங்கே நின்ற ஒருவரைப் பார்த்து "வரவில்லை" என்கிறீர்கள்.

நான் அவரைக் கேட்க ஆரம்பித்தது 2009இல் வந்த ஆல்பத்தில்தான். சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸின் கம்பெனி வெளியீடு. அப்போது நியூ ஜெர்சியில் வேலை. எங்கள் பிரிவில் சிலி நாட்டு அம்மா ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டின்போது என் இயர்ஃபோனில் ஒரு பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்தது சிலியின் பாடகர் விக்டர் ஹாராவின் 'எல் சிகாரிட்டோ', அக்குன்யா குரலில். முகம் சுளித்தார். "இந்தப் பாட்டு இப்படிப் போகாது" என்றார். ஆனால் இயர்ஃபோனைத் திருப்பித் தரவில்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

அப்புறம்தான் பேசினார். 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாட்களில் ஹாராவைச் சாந்தியாகோவில் ஒரு விளையாட்டு அரங்கத்தில் அடைத்து வைத்துக் கொன்றார்கள். அந்த அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான். இந்த அம்மாவின் அப்பா ஹாராவின் கேசட்டை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். அந்தச் செப்டம்பரில் அக்குன்யாவுக்கு இரண்டு வயது. ஆக, நீங்கள் "நாட்டுப்புறப் பாட்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்வது அந்த ஊரில் மாவு டப்பாவுக்குள் இருந்த பாட்டு. அதை ஜாஸ் பியானோவோடு பாடுவதை ஊறுகாயும் தயிரும் கலக்கிற மாதிரி நினைக்க வேண்டாம்.

கலப்பு நியூயார்க்கில் தொடங்கியதும் இல்லை. சிலியின் குவேக்கா, கைக்குட்டை ஆட்டிக்கொண்டு ஜோடியாக ஆடுவது. அதில் ஆறு எண்ணிக்கை இரண்டு மும்மூன்றாகவும் விழும், மூன்று இரண்டிரண்டாகவும் விழும், இரண்டும் ஒரே நேரத்தில். நாலு வருஷம் மிருதங்கம் படித்த தைரியத்தில் நானும் மேஜையில் தட்டினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. "நீ எண்ணுகிறாய்" என்று அந்த அம்மா சிரித்துவிட்டார்.

ஸ்பானிஷ் தெரியாதவன் இதையெல்லாம் எழுதலாமா என்று யாராவது கீழே வருவீர்கள். நான் ஜாஸ் விமர்சகன் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டதைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஒரு முறை கட்டுரையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். போட்டார்கள், 'மிளகாய்க் குயில்' என்ற தலைப்பில்! சிலி என்றால் மிளகாயாம். படம் மெக்சிகோக்காரர் தலையில் வைக்கிற அகலத் தொப்பி. சன்மானம் கேட்டு மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் அக்கவுண்ட்ஸ்காரர் சாப்பிடப் போயிருந்தார். காசு போகட்டும், அந்தத் தலைப்புக்குக் கீழே என் பெயர் இருக்கிறதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2009க்கு அப்புறம் அவருடைய அடுத்த ஆல்பம் 2019இல்தான் வந்தது. இந்தப் பத்து வருஷத்தை வைத்துத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் போல. கடையில் இசைத்தட்டு வராத வருஷமெல்லாம் பாடகி பாடாத வருஷம் ஆகுமா? ஒன்றை விட்டுவிட்டுப் பத்து வருஷம் சும்மா இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது விரல் வராது. 2019இல் வந்த குரலைக் கேட்டுப் பாருங்கள், சும்மா இருந்த குரல் மாதிரியா இருக்கிறது?

கேட்பதாக இருந்தால் ஹாரா பாடிய 'எல் சிகாரிட்டோ'வை முதலில் கேளுங்கள், அப்புறம் அக்குன்யா பாடியதை. நான் தலைகீழாகக் கேட்டேன் என்று தெரிந்ததும் அந்த அம்மா ஒரு வாரம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.