கதவைத் திறந்து வைத்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியை. இந்த ஆண்டு 25 மாணவர்களுக்கு என்னை மென்டராகப் போட்டிருக்கிறார்கள். முதல் நாளே “எந்தப் பிரச்சினை என்றாலும் என் அறைக்கு வாருங்கள்” என்று சொல்லிவிட்டேன். யாரும் வருவதில்லை, படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான் வருகிறார்கள். “எப்படிப் போகுது?” என்று கேட்டால் “நல்லாப் போகுது மேடம்” என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு மாணவன் செமஸ்டர் பாதியிலேயே வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். தேர்வு நெருங்கும்போதுதான் எனக்கு அது தெரிந்தது. நான் மனநல நிபுணர் இல்லை. செமஸ்டர் முழுக்க இவர்களை எப்படிக் கவனித்துக்கொள்வது? (என் பெயர் வேண்டாமே.)

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த மாணவன். இன்றே அவனை போனில் கூப்பிடுங்கள். “ஏன் வரவில்லை?” என்று ஆரம்பிக்க வேண்டாம். “உன்னைக் காணோமே என்று கூப்பிட்டேன், என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்” என்றால் போதும்.

அடுத்து உங்கள் அழைப்பு. “பிரச்சினை என்றால் வாருங்கள்” என்பதை ஏற்று வருகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள் இல்லாமலேயே சமாளிக்கக்கூடியவர்கள். நான்கு வகுப்புகளைத் தவறவிட்டவனுக்கு ஐந்தாவது வகுப்பில் போய் உட்காரவே கூச்சமாக இருக்கும். அவனா உங்கள் கதவைத் தட்டப் போகிறான்? சிக்கலில் இருப்பவன் ஒளிந்துகொள்வான், நாம்தான் தேடிப் போக வேண்டும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007-ல் ஏசாப் என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் ஆலோசகரை அடிக்கடி சந்தித்தே ஆக வேண்டும். விருப்பப்பட்டால் வரலாம் என்பதெல்லாம் கிடையாது. அடிப்படைப் பாடங்களில் பின்தங்கிய மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இருந்த குழுவில் 40 சதவீதம், மற்ற குழுவில் 22 சதவீதம். பாடநூல், பயணச் செலவுக்கும் உதவி கிடைத்ததால் முழுப் பெருமையும் ஆலோசகர்களுக்குப் போகாது. ஆனாலும் அந்தக் கட்டாயத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். எல்லாரும் வந்தாக வேண்டும் என்றால் வருவதில் யாருக்கும் அவமானம் இல்லை. நீங்களும் நேரம் குறித்துக் கூப்பிடுங்கள், முதலிடம் வாங்குபவரையும் சேர்த்து. ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 25 பேருக்கு நான்கு மணி நேரம் சொச்சம். இரண்டு வாரத்தில் பரப்பிக்கொண்டால் பாரமாக இருக்காது.

எப்போது கூப்பிடுவது? முதல் இரண்டு வாரத்தில் ஆலோசனை எதுவும் சொல்லாதீர்கள். யார் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார், யார் தினமும் நெடுந்தூரம் வந்து போகிறார், யாருக்கு இந்தப் படிப்பே விருப்பமில்லை என்று தெரிந்துகொண்டால் போதும். உண்மையான வேலை மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அப்போது ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். முதல் அசைன்மென்ட் திரும்பி வருவதும், முதல் முறை மதிப்பெண் குறைவதும், “நமக்கு இது வராது போல” என்று ஒருவன் தனக்குள் முடிவு செய்வதும் பெரும்பாலும் அப்போதுதான். பாடத்தை மாற்றவோ கைவிடவோ கல்லூரி அனுமதிக்கும் கெடுவும் சில இடங்களில் அப்போதே முடிந்துவிடும். அந்தத் தேதி உங்கள் விரல்நுனியில் இருக்க வேண்டும்.

உட்கார வைத்த பிறகு “எப்படிப் போகுது?” என்று கேட்காதீர்கள். அதற்கு உலகத்தில் ஒரே பதில்தான். “உன் நோட்டைக் காட்டு”, “கடைசியாகப் படிக்க உட்கார்ந்தபோது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய்?”, “இந்த வாரம் எந்த வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை?” என்று கேளுங்கள். முதலில் வரும் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பிவிடாதீர்கள். (நம் ஆசிரியர்களுக்கு இது கஷ்டம், பேசியே பழகிவிட்டோம்!)

“நன்றாகப் படி” என்பது அறிவுரையே அல்ல. “எப்படிப் படிக்கிறாய்?” என்று கேட்டால், பலர் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது தெரியும். ரோடிகர், கார்ப்பிகே என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வாசித்தவுடன் எல்லாம் புரிந்த மாதிரி இருப்பதை நம்பி ஏமாறும் மாணவனுக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் முன்னாலேயே நோட்டை மூடி ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள்.

அவன் போனதும் இரண்டு வரி குறித்து வையுங்கள். அடுத்த முறை “அந்தப் பகுதிநேர வேலை என்ன ஆயிற்று?” என்று நீங்கள் தொடங்கினால், முந்தைய பேச்சு வெறும் சடங்கு அல்ல என்று அவனுக்குப் புரியும்.

மனநல நிபுணர் இல்லை என்கிறீர்கள். சரி, ஆக வேண்டியதும் இல்லை. தூக்கமின்மை, திடீரென்று ஒதுங்குவது, “எதற்கும் அர்த்தமில்லை” என்ற மாதிரிப் பேச்சு, இவற்றைக் கண்டுகொண்டால் போதும். சந்தேகம் வந்தால் “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். மனநல ஆலோசகரின் எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பாமல் கூடவே நடந்து போங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டாம், காப்பாற்ற முடியாமல் போகலாம்.

தேர்வு நெருங்கும் கடைசி வாரங்களில் புத்திமதிக்கு இடமில்லை. மிச்சமுள்ள நாட்களை எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் பிரிக்க உதவுங்கள். நீண்ட உரையாடல் ஏதாவது இருந்தால் முடிவுகள் வந்த பிறகு, அடுத்த செமஸ்டர் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம் என்பதை மாணவனே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு பாடமும் எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.